ஆறடிக்கு அரையடி

காலை ஏழேகாலுக்கு அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூட வாசலில் நின்றவர்கள் எல்லாரும் அதைப் பார்த்திருக்கிறார்கள். நல்லமுத்து தன் மகள் சர்மிளாவை முதுகில் ஏற்றிக்கொண்டு இருபத்திரண்டு படியையும் ஒரே மூச்சில் ஏறுவார். நடுவில் நிற்கவே மாட்டார். நின்றால் யாராவது, "முத்தண்ணனுக்கு வயசாகிருச்சு" என்று சொல்லிவிடுவார்களே! மேலே போய், பத்தாம் தரத்து வாசலோரப் பெஞ்சில் மகளை இறக்கி விட்டுவிட்டு, வேர்வையைத் துடைக்கிற சாக்கில் கீழே ஒரு பார்வை பார்ப்பார். நாலு பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது போதும் அவருக்கு. நாள் முழுக்கத் தேயிலை மலையில் மழைத் தண்ணீர்க் கான் வெட்ட அந்தத் தெம்பே போதும்.

சர்மிளாவுக்குப் பதினைந்து வயது. பிறந்ததிலிருந்தே இரண்டு காலிலும் பலமில்லை. கைக்கும் வாய்க்கும் அந்தக் குறை கிடையாது. குடியிருக்கிற வரிசை வீடான லயத்திலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் தோட்டத்து ரோடு பெரிய ஏற்ற இறக்கமில்லாமல் போகும். அதில் தன் சக்கர நாற்காலியைத் தன் கையாலேயே உருட்டிக்கொண்டு வந்துவிடுவாள். வழியில் எதிர்ப்படுகிறவர்கள் ஒதுங்காவிட்டால் வாயாலும் ஒதுக்குவாள். ஒன்பதாம் தரம் வரைக்கும் வகுப்பெல்லாம் கீழ்க் கட்டடத்தில் இருந்தது, ஒரு தொல்லையும் இல்லை. பத்தும் பதினொன்றும் மேல் கட்டடத்தில். விஞ்ஞானகூடமும் அங்கேதான். இரண்டுக்கும் நடுவே ஒரு சரிவு, சரிவில் அந்த இருபத்திரண்டு படி. அந்தக் காலத்தில் கட்டியவர்கள், தட்டையாக இடம் கிடைத்த இடத்தில் ஒன்று, அதற்கு மேலே ஒன்று என்று கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். நடக்க முடியாத பிள்ளையும் படிக்க வரும் என்று ஒரு நிமிஷம் நினைத்திருந்தால் அவர்கள் என்ன குறைந்தா போயிருப்பார்கள்?

அதிபர் கஜேந்திரன் நல்ல மனுஷர்தான். வருஷத் தொடக்கத்தில் நல்லமுத்துவைக் கூப்பிட்டு, "கீழ ஒரு மேச போட்டுத் தர்றேன் முத்து. டீச்சர்மார் நேரம் கெடைக்கிறப்ப வந்து நோட்ஸ் குடுப்பாங்க" என்றார்.

"எதுக்கு சேர்? நான் இருக்கேன்ல. தூக்கிக்கிட்டுப் போறேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார் நல்லமுத்து.

தோட்டத்து ஜனங்களுக்குத் தூக்குவதில் எப்போதும் ஒரு பெருமை உண்டு. கொழுந்தை முதுகில் தூக்குவார்கள், விறகைத் தலையில் தூக்குவார்கள், திருவிழாவில் சாமியைத் தோளில் தூக்குவார்கள். லொறி வராத லயத்தில் யாருக்காவது முடியாமல் போனால் கம்பளியில் கட்டி, கம்பில் மாட்டி, நாலு பேர் ரோடு வரைக்கும் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். தூக்கியாகிவிட்டால் காரியம் முடிந்தது என்பது அவர்கள் கணக்கு. தூக்கப்படுகிறவர்களுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கிற பழக்கம் அங்கே வரவில்லை. நல்லமுத்துவும் கேட்கவில்லை.

இரண்டு மாதம் இப்படிப் போயிற்று. மூன்றாம் மாதம் சர்மிளாவுக்குக் காய்ச்சல் வந்தது. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுபோய்க் கிடந்தாள். முச்சக்கர வண்டி பிடித்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பரிசோதித்துப் பார்த்த டாக்டர், சிறுநீரில் கிருமி ஏறியிருக்கிறது, பிள்ளை தண்ணீரே குடிப்பதில்லையா என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் தாய் பிரியந்தி கட்டிலோரம் உட்கார்ந்தாள். "ஏன் பாப்பா, நான்தான் தெனமும் போத்தல் நெறைய ஊத்திக் குடுக்குறேனே. சாயங்காலம் காலியாத்தானே வருது?"

சர்மிளா கூரைத் தகரத்தைப் பார்த்தபடி சொன்னாள்: "அதப் பூச்செடிக்கு ஊத்திருவேம்மா."

"ஏன்டி?"

"குடிச்சா ஒண்ணுக்குப் போகணும். கக்கூசு கீழ இருக்கு. அப்பாவ மலையிலருந்து ஆள் விட்டுக் கூப்பிடணும். அப்பா வந்து, எல்லாரும் பாக்கத் தூக்கிக்கிட்டு எறங்கி, திரும்பத் தூக்கிக்கிட்டு ஏறி… அதுக்குத் தண்ணி குடிக்காம இருக்கிறதே மேல்மா."

வாசற்படியில் நின்றுகொண்டிருந்த நல்லமுத்துவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீ கூப்பிட்டு நான் வராம இருப்பேனா, தாயி?"

"வருவீங்கப்பா. ஓடி வருவீங்க. எனக்குத் தெரியாதா?" சர்மிளா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். "எனக்குப் பதினஞ்சு வயசாகுது. இனிமே தூக்கிட்டுத்தான் போகணும்னா நான் பள்ளிக்கூடமே போகல."

"ஒன்னத் தூக்குறது எனக்குப் பாரமே இல்ல பாப்பா."

"ஒங்களுக்குப் பாரமில்லப்பா. எனக்குத்தான் பாரமா இருக்கு."

நல்லமுத்து வெளியே போய் வீட்டுக் கோடிப்புறத்தில் நின்றார். அவருக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. மகள் மேல் கோபப்பட முடியாது. படிக்கட்டு மேல் கோபப்பட்டு என்ன செய்வது? கடைசியில் அது வெட்கமாக மாறிற்று. இரண்டு மாதம் ஊருக்கு முன்னால் மார்தட்டிக்கொண்டு திரிந்தபோது, பிள்ளை தொண்டை வறண்டு உட்கார்ந்திருக்கிறாள். அன்றைக்கு ராத்திரி அவர் சோறு சாப்பிடவில்லை.

மறுநாளே அதிபரிடம் போய்ச் சரிவுப் பாதை ஒன்று வேண்டும் என்று கேட்டார். அதிபர் ஏற்கெனவே இரண்டு கடிதம் எழுதியிருந்தார். வரும் என்று பதில் வந்திருந்தது, எப்போது வரும் என்று அதில் இல்லை. "வர்றபோது வரட்டும் சேர். நாங்களே கட்டுறோம்" என்றார் நல்லமுத்து. டவுனில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் ஸுஹைர் நானா, விஷயத்தைக் கேட்டதும் சீமெந்து மூட்டைகளை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார். மண்ணும் கல்லும் தோட்டத்து லொறியில் வந்தன. இரண்டு ஞாயிற்றுக்கிழமை சிரமதானம். லயத்தில் கை கால் உள்ள அத்தனை பேரும் வந்து நின்றார்கள்.

வேலை என்றால் அது வேலை! படிக்கட்டை ஒட்டினாற்போல, அதன் அதே சரிவில், கீழே இருந்து மேலே வரைக்கும் ஒரே நேராகக் கொங்கிரீட் பாதை போட்டார்கள். இது செங்குத்தாக இருக்கிறதே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? இருபது கிலோ கொழுந்தை முதுகில் போட்டுக்கொண்டு குறுக்குப் பாதையில் விறுவிறுவென்று ஏறுகிற கால்கள் அவை. அந்த ஊரில் சுற்றிப் போகிறவன் சோம்பேறி, நேராக ஏறுகிறவன்தான் ஆள். அந்தக் கால்களுக்கு அது சரிவே இல்லை.

அதோடு விட்டார்களா? பெண்கள் சும்மா இருப்பார்களா? லயத்து வீட்டுத் தரையைச் சிவப்புச் சாயம் கலந்து பூசி, தேங்காய் மட்டையால் தேய்த்து, முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பாக்கி வைத்தால்தான் அவர்களுக்கு மனசு ஆறும். பள்ளிக்கூடத்துப் பாதை மட்டும் மொட்டையாகக் கிடக்கலாமா என்று பேச்சியம்மா தொடங்கி வைத்தாள். நல்லமுத்துவோடு ஒரே மலையில் வேலை செய்கிறவள், வாயும் கையும் சேர்ந்து ஓடும். சாயம் வந்தது, மட்டை வந்தது, பாதை ஜொலித்தது. ஸுஹைர் நானா வந்து பார்த்துக் கைதட்டினார். சர்மிளாவை மட்டும் யாரும் கூட்டி வந்து காட்டவில்லை. திங்கட்கிழமை திறப்பு விழாவில் அவளுக்கு ஆச்சரியமாக இருக்கவேண்டும் என்பது ஏற்பாடு.

ஆச்சரியமாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை காலை தூறல். ரிப்பன் கட்டியிருந்தார்கள், பலூன் கட்டியிருந்தார்கள். பிள்ளைகள் இரண்டு வரிசையாக நின்றார்கள். சர்மிளா நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து பாதையின் அடியில் நிறுத்தினாள். கீழே பார்த்தாள், மேலே பார்த்தாள், மறுபடியும் கீழே பார்த்தாள்.

"அப்பா, இதுல எப்படி ஏறுறது?"

"நீ ஏறு பாப்பா. நான் பின்னால நிக்கிறேன்."

எல்லார் முகத்தையும் பார்த்தாள். அத்தனை முகத்திலும் அத்தனை ஆசை. அதைக் கெடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சக்கரத்தை இரண்டு சுற்றுத் தள்ளினாள். முன் சக்கரம் மேலே எழும்பியது. பின் சக்கரம் ஈரத்தில் வழுக்கியது. நாற்காலி பின்னால் வந்தது. நல்லமுத்து பாய்ந்து பிடித்தார், பிடித்தவர் காலும் அந்தச் சிவப்புப் பளபளப்பில் நிற்கவில்லை. இரண்டு முழங்காலும் தேயத் தேயச் சறுக்கிக்கொண்டு வந்து, நாற்காலியை நெஞ்சில் தாங்கியபடி அடியில் உட்கார்ந்தார். கைதட்டத் தயாராக இருந்த கைகள் அப்படியே நின்றன. 

சர்மிளாவுக்கு அடி ஒன்றும் படவில்லை. அவள் அப்பாவின் முழங்காலைப் பார்த்தாள். "ஏணியச் சாச்சு வச்சு அதுக்குப் பாலிஸ் போட்டிருக்கீங்கப்பா" என்றாள். சிரிப்பதா அழுவதா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, தூறலில் தனியாக வீட்டுக்கு உருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றோடு அவள் பள்ளிக்கூடம் போவது நின்றுபோயிற்று. ஒரு வாரம் போயிற்று. இரண்டாவது வாரமும் தொடங்கியது. கீழ்க் கட்டடத்து மேசையைப் பற்றிப் பிரியந்தி மெதுவாக எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். "நான் கீழ உக்காந்தா விஞ்ஞானகூடம் எறங்கி வருமாம்மா?" என்று மகள் கேட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எடுக்கப்படவில்லை. அதிபர் ஒருநாள் வீட்டுக்கே வந்து, இன்னும் பாடம் தவறினால் பிடிப்பது கஷ்டம் என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீரைக் குடிக்காமலே எழுந்து போனார். மூன்று அறைக்குத் தள்ளி இருக்கிற வீடுகளுக்குக்கூடக் கேட்கிற மகளின் வாய், அந்த வாரம் அந்த வீட்டில் அமைதியாக இருந்தது. நல்லமுத்துவுக்கு அதுதான் தாங்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் அந்தச் சிவப்புப் பாதை வீணாகவில்லை. சின்னப் பிள்ளைகள் உரச் சாக்கில் உட்கார்ந்து அதில் சறுக்கி விளையாடினார்கள்.

அந்த வாரம் ஐந்தாம் நம்பர் மலையில் கான் வேலை. மழைத் தண்ணீர் சரிவில் நேராக இறங்கினால் தேயிலை வேரோடு மண்ணை அள்ளிக்கொண்டு போய்விடும். அதனால் தண்ணீரைக் குறுக்கே நடத்திக் கொண்டுபோவதற்காக மலையைச் சுற்றிச் சுற்றிக் கான் வெட்டுவார்கள். அதிகம் சரிந்தால் தண்ணீர் பாயும், சரிவே இல்லாவிட்டால் தேங்கும். அதைப் பார்க்க நல்லமுத்து ஒரு மரச்சட்டம் வைத்திருந்தார். இரண்டு கால், நடுவில் ஒரு குறுக்குக் கட்டை, உச்சியிலிருந்து நூலில் தொங்கும் ஒரு குண்டு. இரண்டு காலுக்கும் இடையில் ஆறடி. இறக்கத்துக் காலின் அடியில் விரல் கனத்துக்கு ஒரு துண்டு அடித்திருக்கும். நூல் நடுக்கோட்டில் நின்றால் ஆறடிக்கு ஒரு விரல் இறக்கம், கான் சரி.

மேற்பார்வைக்கு வந்த தோட்டத்து அதிகாரியான கண்டாக்கு குனிந்து பார்த்தார். "முத்து, இந்த எடத்துல எறக்கம் கூடின மாதிரி இருக்கே?"

"என்னங்கையா, இருவது வருசமா வெட்டுறவன்கிட்ட!" நல்லமுத்து சட்டத்தை வைத்தார். நூல் ஆடி ஆடி நடுக்கோட்டில் வந்து நின்றது. "பாத்துக்கங்க. நாலு தடவ மட்டம் பாத்துத்தான் வெட்டுனது. தண்ணி ஒரு எடத்துலயும் ஓடாது, ஒரு எடத்துலயும் நிக்காது. நடந்துதான் போகும்."

கண்டாக்கு சிரித்தார். "தண்ணிக்கு இவ்வளவு மரியாத குடுத்து வழி போட்டுக் குடுக்கிற ஆளு இந்த டிவிசன்லயே நீ ஒருத்தன்தான்யா."

அவர் பாராட்டிவிட்டுப் போய்விட்டார். நல்லமுத்துவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. தண்ணீருக்கு நாலு தடவை மட்டம் பார்த்தவன், பெற்ற மகளுக்கு ஒரு தடவையாவது பார்த்தானா? சட்டத்தை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அன்றைக்கு வேலை முடிந்ததும் மற்றவர்களோடு நின்று பேசாமல் நேரே வீட்டுக்கு வந்தார்.

சர்மிளா வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நல்லமுத்து அவள் முன்னால் குந்தினார். காயம் ஆறாத முழங்கால் வலித்தது.

"பாப்பா, எவ்வளவு சரிவு இருந்தா ஒன்னால தனியா ஏற முடியும்?"

"பன்னெண்டு அடிக்கு ஒரு அடி."

யோசிக்காமல் வந்த பதில். நல்லமுத்து திகைத்துப் போனார். "இது ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நிஷாந்தி டீச்சர்கிட்ட கேட்டேன். அரசாங்கச் சட்டத்துலயே அப்படித்தான் இருக்காம். போன்ல எடுத்துக் காட்டுனாங்க."

நிஷாந்தி டீச்சர் பத்தாம் தரத்துக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். "எப்ப காட்டுனாங்க?"

"வருச ஆரம்பத்துலயே."

"அடிப்பாவி! ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலயேப்பா" என்றாள் சர்மிளா. குத்திக்காட்டுகிற மாதிரி சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். நல்லமுத்துவுக்கு அதுதான் அதிகம் வலித்தது.

பன்னிரண்டுக்கு ஒன்று என்றால் ஆறடிக்கு அரையடி. விரல் கனத் துண்டைக் கழற்றி வீசிவிட்டு, சட்டத்தின் காலில் அரையடி உயரக் கட்டை ஒன்றை அடித்தார். லயத்துக்குப் பின்னால் ரோட்டோரத்தில், சட்டத்தை வைத்துப் பார்த்து மண்ணை வெட்டி ஒரு சின்னப் பாதை அமைத்தார். சர்மிளா ஏறினாள். மூச்சு வாங்கியது, ஆனாலும் ஏறினாள். திரும்பி இறங்கினாள். மறுபடியும் ஏறினாள். "முப்பது முப்பத்தஞ்சு அடிக்கு ஒருக்கா நின்னு கை ஆற எடம் வேணும்" என்று அங்கிருந்தே கத்தினாள். பழைய வாய் திரும்பி வந்துவிட்டது.

இனி ஊரிடம் சொல்லவேண்டும். அது லேசான வேலை இல்லை. பெற்றார் கூட்டத்தில் எழுந்து நின்று, போட்ட பாதையை உடைக்கவேண்டும் என்றார் நல்லமுத்து. ஒரே கூச்சல். ரெண்டு ஞாயித்துக்கெழம வேர்வ சிந்தினது இதுக்கா என்று ஒருவர் கேட்டார். பேச்சியம்மாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அந்தப் பளபளப்புக்காக அவள் கை கொப்பளித்திருந்தது.

"தப்பு எம்மேலதான்" என்றார் நல்லமுத்து. "ஒங்க யாரு மேலயும் இல்ல. ஏறப்போறது யாரோ, அவகிட்ட ஒரு வார்த்த கேக்காமப் போட்டோம். நான் தகப்பன், நானாவது கேட்டிருக்கணும். ஒடைக்கிறது நானே ஒடைக்கிறேன். கட்டுறதுக்கு மட்டும் நீங்க வரணும்."

கூட்டம் அடங்கிற்று. மார்தட்டுகிற நல்லமுத்துவை எல்லாருக்கும் தெரியும். தப்பை ஒப்புக்கொள்கிற நல்லமுத்துவை அன்றைக்குத்தான் பார்த்தார்கள். மறுநாள் ஸுஹைர் நானாவின் கடைக்குப் போய், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஆணிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன முத்து, வெக்கமா இரிக்கா?" என்றார் நானா. "நானுந்தானே வந்து கைதட்டினேன். எனக்கும்தானே கண்ணு தெரியல்ல. எத்தன மூட வேணும், அதச் சொல்லுங்க."

நல்லமுத்து அலவாங்கை எடுத்துச் சிவப்புப் பாதையை உடைக்கத் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை, தனியாகத்தான் தொடங்கினார். பத்து நிமிஷம் கழித்துப் பக்கத்தில் இன்னொரு அலவாங்கு விழுகிற சத்தம் கேட்டது. பேச்சியம்மாவின் புருஷன். அதற்குப் பிறகு எண்ணவில்லை.

இந்தத் தடவை வேலைக்குத் தலைமை சர்மிளா. சரிவின் அடியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மடியில் கொப்பியை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டாள். இருபத்திரண்டு படி, படிக்கு அரையடி, ஆகப் பதினோரு அடி உயரம். அப்படியென்றால் நூற்று முப்பத்திரண்டடிப் பாதை. நேராகப் போட இடமில்லை, போடவும் கூடாது. கான் போகிற மாதிரிக் குறுக்கே போய், திரும்பி, மறுபடி குறுக்கே போய், நாலு துண்டாக ஏறவேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் நாற்காலி திரும்ப ஐந்தடிச் சதுரம். நல்லமுத்து சட்டத்தை வைப்பார், மகள் நூலைப் பார்ப்பாள். "இன்னும் கொஞ்சம் வெட்டணும்" என்பாள். வெட்டுவார்கள். ஒரு தடவை நல்லமுத்துவே, "போதும் பாப்பா, இது கூடினா ஒரு விரல்தான்" என்று இழுத்தார். "தண்ணிக்கு விரல் கணக்குப் பாக்குறீங்கல்ல? எனக்கும் பாருங்க" என்றாள். சுற்றியிருந்தவர்கள் ஓவென்று சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு வெட்டினார்.

சுற்றிப் போகிற பாதையைப் பார்த்து முதலில் முணுமுணுத்தவர்கள் உண்டு. இரண்டாவது திருப்பம் வந்ததும் அவர்களுக்கும் பிடிபட்டுவிட்டது. கான் வெட்டுகிற கை எல்லாருக்கும் உள்ளதுதானே. பிறகு மட்டத்தில் ஒருவரை ஒருவர் பிழை பிடிக்க ஆரம்பித்தார்கள். கொங்கிரீட் ஈரமாக இருக்கும்போதே பேச்சியம்மா ஈர்க்கு விளக்குமாற்றால் குறுக்கே வரி வரியாகக் கீறி விட்டாள். வழுக்காமல் சக்கரம் பிடிக்க அதுதான் வேண்டும் என்று சர்மிளா சொல்லியிருந்தாள். பளபளப்பாகத் தேய்த்த அதே கையால் சொரசொரப்பாக்குவது அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் கோடு ஒன்றுகூடக் கோணாமல் இழுத்தாள். ஓரத்தில் சக்கரம் தவறாமலிருக்கச் சின்னக் கட்டும், பிடித்துக்கொள்ளக் குழாயும் வைத்தார்கள்.

"கக்கூசு?" என்று சர்மிளா அதிபரைப் பார்த்துக் கேட்டாள். மேல் கட்டடத்தின் ஓரத்தில் டீச்சர்மாருக்கென்று இருந்த இரண்டில் ஒன்று வருஷக் கணக்காகப் பூட்டிக் கிடந்தது. அதிபர் தலையைச் சொறிந்தார். "இது எனக்கு அப்பவே தோணியிருக்கணும்" என்று சொல்லிச் சாவியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். வாசற்படியை உடைத்து, கதவை அகலமாக்கி, உள்ளே கைபிடி வைத்தார்கள்.

திறப்பு விழா வேண்டாம் என்று சர்மிளா சொல்லிவிட்டாள். ரிப்பனும் வேண்டாம், வரிசையும் வேண்டாம். "எல்லாரும் சும்மா வர்ற மாதிரி நானும் சும்மா வர்றேன். யாரும் நின்னு பாக்கக் கூடாது. முக்கியமா அப்பா."

நல்லமுத்து அவர் பாட்டுக்குக் காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போனார். அன்றைக்கு எட்டாம் நம்பர் மலையில் வேலை. அது பள்ளிக்கூடத்து வேலியோரமாக முடிகிற மலை. அந்த இடம் தனக்குத் தற்செயலாகக் கிடைத்தது என்று அவர் இன்றைக்கும் சொல்வார். கண்டாக்கிடம் முந்தின நாளே போய்க் கெஞ்சிக் கேட்டது ஊருக்கே தெரியும். தேயிலைச் செடிக்குப் பின்னால் குந்திக்கொண்டு, மண்வெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு பிடி மண்கூட வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து நிரையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பேச்சியம்மாவும் பறிப்பதை நிறுத்திவிட்டாள்.

ஏழேகாலுக்கு வரவில்லை. ஏழு இருபதுக்கும் வரவில்லை. நல்லமுத்து செடியை விலக்கி ரோட்டை எட்டிப் பார்த்தார். ஏழு இருபத்தைந்துக்கு சர்மிளா வாசலில் தெரிந்தாள். இரண்டு கூட்டாளிகள் கூட வந்தார்கள். முதல் திருப்பம் வரைக்கும் ஒரே மூச்சில் ஏறினாள். அங்கே நின்றாள். கை வலிக்கிறதோ என்று நல்லமுத்து பாதி எழுந்துவிட்டார். இல்லை, பேசிக்கொண்டிருந்தாள். ஒருத்தி என்னமோ சொல்ல, மற்றவள் என்னமோ சொல்ல, மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மணி அடித்தது. அவர்கள் காதில் விழுந்த மாதிரித் தெரியவில்லை. இரண்டாவது திருப்பத்திலும் நின்றார்கள். சர்மிளா பையிலிருந்து போத்தலை எடுத்தாள். மூடியைத் திறந்து, அண்ணாந்து, மடக் மடக்கென்று பாதிப் போத்தலைக் குடித்தாள். மறுபடி பேச்சு. காலைக் கூட்டமே முடிந்து எல்லாரும் வகுப்புக்குள் போய்விட்டார்கள். இவர்கள் அப்போதுதான் கடைசித் துண்டில் ஏறிக்கொண்டிருந்தார்கள். யாரும் அவளைத் தள்ளவில்லை. யாருடைய கையும் நாற்காலியில் இல்லை.

பத்தாம் தரத்து வாசலில் நிஷாந்தி டீச்சர் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"மணி என்ன?"

மூன்று பேரும் தலை குனிந்தார்கள்.

"ஒரு மாசம் பாடம் போயிருக்கு, இதுல பேச்சு வேற! பாதையில மாநாடா நடத்துறீங்க? சர்மிளா, ஒனக்கும் சேத்துத்தான் சொல்றேன். மூணு பேரும் பத்து நிமிசம் வெளியவே இருங்க."

வேலியைத் தாண்டி ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. வகுப்பு வாசலில் மூன்று பேர் வரிசையாக. இரண்டு பேர் நிற்க, நடுவில் ஒருத்தி உட்கார்ந்திருக்க, மூன்று முகத்திலும் ஒரே திருட்டு முழி.

பேச்சியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "பாவம் அந்தப் புள்ள! மொத நாளே இப்படி ஏசுறாங்களே முத்தண்ணே. போயி டீச்சர்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க."

நல்லமுத்துவுக்குப் போகத் தோன்றவில்லை. இத்தனை வருஷம் அந்தப் பிள்ளையை ஒரு டீச்சரும் ஏசியதில்லை. பாவம் என்று விட்டுவிடுவார்கள். தூக்கிக்கொண்டு வந்த காலத்தில் அவள் ஒருநாளும் பிந்தியதும் இல்லை. தூக்கி வருகிற சாமான் எப்படிப் பிந்தும்? பிந்தினால் தூக்குகிறவன்தான் பிந்துவான்.

"என்னத்தச் சொல்லச் சொல்றே?" என்றார். "லேட்டாத்தானே போனா? நல்லா ஏசட்டும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அந்த மலையில் வேலை செய்த அத்தனை பேருக்கும், நிரை நிரையாகப் போய் அவரே சொன்னார். கொழுந்து நிறுக்க வந்தவர்களுக்குச் சொன்னார், கண்டாக்கிடம் சொன்னார். கேட்காதவர்களைக் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னார்.

"தெரியுமா சங்கதி? எம் மக இன்னைக்குப் பள்ளிக்கூடத்துக்கு லேட்டு!"